தோலும் உடலும்: இலக்கமுறைச் சிற்பத்திற் படிம இழையமைப்பு

1. தோற்றுவாய்

கலைப்படைப்பின் உருவம், உள்ளடக்கம் ஆகியவை பற்றிய விவாதம் ஈழத்துத் தமிழ் விமர்சனத்திற்குப் புதியதன்று. உருவம் உள்ளடக்கத்தின்மேற் போர்த்தப்படும் ஆடை என ஒரு சாராரும், உள்ளடக்கம் தனக்குரிய உருவத்தைத் தானே வரித்துக்கொள்கிறது என மறுசாராரும் வாதிட்டு வந்துள்ளனர். அவ்விவாதங்களில் 'ஆடை', 'தோல்', 'மேற்பூச்சு' ஆகிய சொற்கள் உவமைகளாகவே வழங்கின. இன்று அவ்வுவமைகள் நேர்ப்பொருளிலேயே நிகழும் தொழிற்களம் ஒன்று தோன்றியுள்ளது. கணினித் திரையிற் களிமண்ணைப் பிசைவது போல உருவங்களைச் சமைக்கும் இலக்கமுறைச் சிற்ப மென்பொருள்களில் உடல் முதலிற் செய்யப்படுகிறது. தோல் வேறாகச் செய்யப்பட்டுப் பின்னர் அதன்மேற் போர்த்தப்படுகிறது. அத்தோல் பல வேளைகளில் எங்கோ ஒருவர் எடுத்த ஒளிப்படமாகும்.

இத்தொழில்முறை திரைப்படம், கணினி விளையாட்டு, விளம்பரம், அரும்பொருட் பதிவு ஆகிய துறைகளிற் பரவலாகக் கையாளப்படுகின்றது. இதனைக் கற்க முற்படுவோர்க்குக் கிடைப்பன பெரும்பாலும் 'இப்பொத்தானை அழுத்துக' என்ற வகைக் குறிப்புகளே. அழுத்திய பின் நிகழ்வது யாது, அது ஏன் அவ்வாறு நிகழ்கிறது, போர்த்தப்படும் தோல் யாருடைய உழைப்பால் ஆனது என்னும் வினாக்களை அவை எழுப்புவதில்லை. இம்மூன்று வினாக்களையும் இயன்றவரை எளிமையாக விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். தொழினுட்பத்தை முதலில் நோக்கி, அதன் வழியே அதிற் பொதிந்துள்ள சமூக உறவுகளை நோக்குவோம். தொழினுட்பத்தை அறியாது கூறப்படும் சமூகவியற் கூற்று வெறும் முழக்கமாகவே எஞ்சும் என்பது எமது கருத்தாகும்.

2. சொல்லும் பொருளும்

முதலிற் சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். ஆங்கிலத்தில் 'டெக்ஸ்சர்' என வழங்கும் சொல், நெய்தலைக் குறிக்கும் இலத்தீன் வேரிலிருந்து பிறந்தது. எழுதப்பட்ட பனுவலைக் குறிக்கும் 'டெக்ஸ்ற்' என்ற சொல்லும் அதே வேரினதாகும். தமிழிலும் 'நூல்' என்ற ஒரே சொல் பஞ்சிலிருந்து திரிக்கப்படும் இழையையும் புலவன் யாக்கும் ஏட்டையும் குறித்து நிற்கிறது. நன்னூலார் இவ்விரண்டையும் இணைத்து, புலவனைப் பஞ்சு நூற்கும் பெண்ணுக்கு ஒப்பிட்டிருப்பது இங்கு நினைவுகூரத்தக்கது. 'இழையமைப்பு' என்னும் கலைச்சொல்லை நாம் இவ்வடிப்படையிலேயே கையாளுகிறோம். பொருளொன்றின் மேற்பரப்பிலுள்ள நிறம், சொரசொரப்பு, மினுக்கம், வரி, தழும்பு ஆகியவற்றின் தொகுதியே இழையமைப்பு. அத்தொகுதியைத் தட்டையான படமொன்றின் வடிவிற் கொடுக்கும்போது அது படிம இழையமைப்பு ஆகிறது. கவிதை விமர்சனத்தில் நாம் வழங்கும் 'படிமம்' வேறு. இங்கு அச்சொல் தட்டைப் படத்தை மாத்திரமே குறிக்கும்.

அடுத்து, உடல். திரையிற் காணப்படும் சிற்பம் திண்மமானதன்று. அது உள்ளீடற்ற ஓடு. புள்ளிகளும், அவற்றை இணைக்கும் கோடுகளும், கோடுகளால் அடைபடும் சிறு முகங்களும் சேர்ந்த வலையே அவ்வோடு. புள்ளிகளை உச்சிகள் என்றும் முகங்களைப் பல்கோணிகள் என்றும் கேத்திரகணிதம் கூறும். ஒரு சதுரமுகியை எடுத்துக்கொள்வோம். அதற்கு 6 முகங்கள் உள. ஒவ்வொரு முகத்தையும் நான்காகப் பிரித்தால் 24 ஆகும். இவ்வாறு ஒன்பது தடவை பிரிப்பின் 1,572,864 முகங்கள் கிடைக்கும். வலை இத்துணை நெருக்கமான பின்னர், மென்பொருளிலுள்ள தூரிகை உச்சிகளைத் தள்ளவும் இழுக்கவும் வழவழப்பாக்கவும் முடிகிறது. வலை களிமண் போல இயங்கத் தொடங்குகிறது. 1999 இல் அறிமுகமான சீபிரஷ் என்னும் மென்பொருள் இம்முறையை ஓவியர், சிற்பிகள் கைகளுக்குக் கொண்டுவந்தது. 2002 இல் மூலநிரல் பொதுவாக்கப்பட்ட பிளெண்டர் என்னும் மென்பொருளிலும் இவ்வசதி உண்டு.

ஆயினும் உச்சி என்பது அடிப்படையில் ஓர் இடத்தை மாத்திரமே அறியும். நீளம், அகலம், உயரம் ஆகிய மூன்று ஆள்கூறுகளே அதன் உடைமை. அதற்கு நிறமில்லை. நிறத்தை எங்கே வைப்பது என்பதே இழையமைப்புப் பிரச்சினையின் தொடக்கமாகும்.

3. நிறத்தின் இருப்பிடம்

இவ்வினாவிற்கு இரு விடைகள் உள. முதலாவது, ஒவ்வோர் உச்சியிடமும் ஒரு நிறத்தைக் கொடுத்து வைப்பது. கோபுரத்துச் சுதை உருவங்களின் மீது நேரடியாக வர்ணம் தீட்டுவதை இது ஒத்தது. சீபிரஷ் இதனைப் பொலிபெயின்ற் என்னும். வெட்டுதல், விரித்தல் முதலிய தொல்லைகள் இதில் இல்லை. சிற்பி உருவத்தைச் செதுக்கியவாறே நிறத்தையும் தீட்டலாம். ஆனால் நிறத்தின் நுணுக்கம் உச்சிகளின் தொகையைத் தாண்டாது. பக்கமொன்றுக்கு 4096 புள்ளிகள் கொண்ட சதுரப் படத்தில் 16,777,216 படப்புள்ளிகள் உள. மேலே கூறிய சதுரமுகியின் உச்சிகளோ ஏறத்தாழ 1.57 மில்லியனே; அதாவது படப்புள்ளிகளிற் பத்தில் ஒரு பங்கிற்கும் குறைவு. எனவே இத்தகைய ஒளிப்படத்தை அவ்வலையின்மேற் பதித்தால் நுண்ணிய வரிகள் மங்கிப்போகும். படம் தெளிவற்றது என்று தொடக்கநிலையினர் மனம் சலிப்பர். குறை படத்தில் இல்லை. அதைத் தாங்க வேண்டிய உடலிலேயே உள்ளது.

இரண்டாவது விடை, நிறத்தை உடலிலிருந்து முற்றாகப் பிரித்து வேறொரு படத்தில் வைப்பது. அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் 1974 இல் தம் கலாநிதிப் பட்ட ஆய்வேட்டைச் சமர்ப்பித்த எட்வின் கட்முல் இவ்வழியைத் திறந்தார். இதன்படி ஒவ்வோர் உச்சிக்கும் வெளியிடத்தைச் சுட்டும் மூன்று எண்களுடன், படத்தில் ஓர் இடத்தைச் சுட்டும் இரு எண்களும் வழங்கப்படுகின்றன. அவை யூ, வீ என்னும் எழுத்துக்களாற் குறிக்கப்படுவதால் யூவீ ஆள்கூறுகள் எனப்படும். இரண்டும் வழமையாக 0 இற்கும் 1 இற்கும் இடைப்பட்டவை. ஓர் உச்சியின் யூவீ ஆள்கூறு (0.5, 0.25) எனின், 4096 புள்ளிப் படத்தில் அது பக்கவாட்டில் 2048 ஆவது புள்ளியையும் கீழிருந்து 1024 ஆவது புள்ளியையும் சுட்டும். இரு உச்சிகளுக்கு இடைப்பட்ட பரப்பின் நிறம் இடைக்கணிப்பாற் பெறப்படுகிறது. இதனால், சில நூறு முகங்களே கொண்ட வறிய உடலும் பல மில்லியன் புள்ளிகள் கொண்ட செழித்த தோலை அணிந்துகொள்ள முடிகிறது.

இக்கண்டுபிடிப்பின் பின்னாலுள்ள பொருளாதாரக் காரணம் மனங்கொள்ளத்தக்கது. அக்காலக் கணினிகளின் நினைவகம் மிகச் சிறியது; விலையோ மிக உயர்ந்தது. ஒவ்வொரு சுருக்கத்தையும் கீறலையும் உடலாகவே வடிப்பது கட்டுப்படியாகாதது. உடல் விலை கூடியது. படம் விலை குறைந்தது. ஆகவே உடலைச் சுருக்கித் தோலைப் பெருக்கும் வழி தேடப்பட்டது. 1976 இல் ஜேம்ஸ் பிளினும் மார்ட்டின் நியூவெலும் சூழலின் தெறிப்பையே ஒரு படமாக்கிப் பொருளின்மேற் போர்த்தும் முறையைக் காட்டினர். 1978 இல் பிளின், உண்மையான மேடுபள்ளம் இன்றியே, ஒளிக்கணிப்பிற் பயன்படும் பரப்பின் செவ்வன் திசையை மாற்றிச் சுருக்கங்கள் உள்ளன போலத் தோற்றுவிக்கலாம் என நிறுவினார். 1990 இல் பற் ஹன்ரஹனும் போல் ஹேபர்லியும் திரையிலுள்ள உருவத்தின் மீதே நேரடியாக வர்ணம் தீட்டும் முறையை விவரித்தனர். இன்றைய மென்பொருள்களின் தூரிகைகள் அம்மரபின் வழிவந்தனவே. கட்முலுக்கும் ஹன்ரஹனுக்கும் 2019 ஆம் ஆண்டுக்குரிய டியூரிங் விருது கூட்டாக வழங்கப்பட்டமை இத்துறையின் முக்கியத்துவத்திற்குச் சான்றாகும்.

4. வெட்டும் தையலும்

தோலைத் தட்டைப் படமாக வைத்திருக்க வேண்டுமெனின், வளைந்த உடலின் பரப்பைத் தட்டையாக விரித்தாக வேண்டும். தோடம்பழத்தின் தோலை உரித்து மேசைமீது பரப்ப முயன்ற எவரும் இதிலுள்ள இடர்ப்பாட்டை அறிவர். ஒன்றிற் கிழிக்க வேண்டும், அன்றேல் இழுக்க வேண்டும். கோளப் பரப்பொன்றைத் திரிபின்றித் தட்டையாக்க முடியாது என்பதை கார்ல் கௌஸ் 1827 இல் நிறுவிய தேற்றம் உறுதிப்படுத்துகிறது. இது மென்பொருளின் குறைபாடன்று, வெளியின் இயல்பு.

உலகப் படங்களை வரைந்தோர் இப்பிரச்சினையைப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே எதிர்கொண்டனர். 1569 இல் மெர்கேற்றர் வகுத்த எறியத்தில் கிறீன்லாந்து, ஆபிரிக்காவை ஒத்த பரப்புடையது போலத் தோன்றும். உண்மையில் ஆபிரிக்கா அதைவிட ஏறத்தாழ 14 மடங்கு பெரியது. மெர்கேற்றர் பரப்பைப் பலிகொடுத்துக் கோணங்களைக் காத்தார். ஏனெனில் அவருடைய படம் மாலுமிகளுக்கானது, மாலுமிக்கு வேண்டியது திசை. ஒவ்வொரு விரிப்பிலும் யாரோ ஒருவருடைய தேவை முன்வைக்கப்பட்டு வேறொன்று விட்டுக்கொடுக்கப்படுகிறது. இலக்கமுறைச் சிற்பத்திலும் நிலைமை இதுவே. புறூனோ லெவியும் சக ஆய்வாளரும் 2002 இல் வெளியிட்ட, கோணத் திரிபைக் குறைக்கும் விரிப்பு முறை பிளெண்டரிலும் இடம்பெற்றுள்ளது. அம்முறை கோணத்தைக் காப்பதற்காகப் பரப்பளவை ஓரளவு விட்டுக்கொடுக்கிறது. அதே வேளை, மனித உருவத்தை விரிக்கும் கலைஞர் முகத்திற்குப் படத்திற் பரந்த இடத்தையும் உள்ளங்காலுக்கு ஒரு சிறு மூலையையும் ஒதுக்குவார். பார்ப்பவரின் கண் எங்கே செல்லுமோ அங்கேயே புள்ளிகள் செலவிடப்படுகின்றன.

எங்கே வெட்டுவது என்பது தையற்காரர் அறிந்த கலையாகும். சட்டையின் பொருத்துத் தையல் அக்குளின் கீழும் பக்கவாட்டிலும் மறைவது போல, உருவத்தின் வெட்டுக்கோடும் காதின் பின்புறம், கையின் உட்புறம், கூந்தலின் அடி ஆகிய இடங்களில் மறைக்கப்படுகிறது. ஒரு வெட்டுக்கோட்டின் இருபுறமும் படத்தில் வெவ்வேறு இடங்களில் அமைவதால், சிறு பிழையும் அவ்விடத்தில் நிறப்பிளவாகத் தெரியும். விரிப்புச் சரியானதா என அறிய எளிய சோதனை உண்டு. சதுரங்கப் பலகை போன்ற கட்டப் படமொன்றை உடலின்மேற் போர்த்திப் பார்க்க வேண்டும். கட்டங்கள் எங்கும் ஒரே அளவுச் சதுரங்களாகத் தெரிந்தால் விரிப்பு நன்று. நீண்டோ சரிந்தோ தெரியுமிடத்தில் ஒளிப்படமும் அவ்வாறே இழுபடும். 2008 இல் டிஸ்னி நிறுவனத்து ஆய்வாளர் முன்வைத்த பிடெக்ஸ் என்னும் முறை, ஒவ்வொரு முகத்திற்கும் தனித்தனிச் சிறு படத்தைக் கொடுத்து வெட்டும் விரிப்பும் இன்றியே இப்பிரச்சினையைக் கடந்தது. எனினும் யூவீ விரிப்பின் பரவலான வழக்கு அதனால் ஒழியவில்லை.

செதுக்கப்பட்ட உருவத்திற்கு இன்னொரு சிக்கலும் உண்டு. மில்லியன் கணக்கான முகங்களையுடைய வலையை விரிப்பதும் அசைப்பதும் பெருஞ்சுமையாகும். ஆதலின் தொழில்முறையில் ஓர் ஒழுங்கு பின்பற்றப்படுகிறது. முதலில் நெருங்கிய வலையில் உருவம் முழு நுணுக்கத்துடன் செதுக்கப்படும். அதன்மேற் படியுமாறு சில ஆயிரம் முகங்கள் கொண்ட எளிய வலையொன்று புதிதாக அமைக்கப்படும். எளிய வலையில் வெட்டுக்கோடுகள் இடப்பட்டு அது விரிக்கப்படும். பின்னர் நெருங்கிய உடலின் சுருக்கங்களும் துளைகளும் எந்தெந்தத் திசையை நோக்குகின்றன என்பது கணிக்கப்பட்டு ஒரு படமாக எழுதப்படும். இதற்குச் செவ்வன் படம் என்று பெயர். திசைகள் நிறங்களாகக் குறிக்கப்படுவதால் அது நீலச்சாயலுடன் தோன்றும். இறுதியில் நிறம், சொரசொரப்பு, உலோகத்தன்மை ஆகியவற்றுக்கான படங்கள் தீட்டப்படும். சிற்பியின் உழைப்பிற் பெரும்பகுதி இவ்வாறு உடலிலிருந்து கழன்று தோலுக்கு மாறுகிறது. பார்ப்பவர் உடல் எனக் காண்பது உண்மையிற் படமே.

5. படம் உளியாகும்போது

படிம இழையமைப்பு நிறத்தைத் தருவதோடு நிற்பதில்லை. சாம்பல்நிறப் படமொன்றைத் தூரிகையின் நுனியாக்கி, அதனால் உடலையே செதுக்கவும் முடியும். இதனைத் தொழிலாளர் அல்ஃபா என்பர். வழமையான அமைப்பில் வெண்மையான பகுதி வலையை முழு வலிமையுடன் உயர்த்தும். கருமையான பகுதி அதனை அசைக்காது விடும். மரப்பட்டையின் ஒளிப்படத்தைக் கொண்டு மரத்தின் சொரசொரப்பையும், தோலின் ஒளிப்படத்தைக் கொண்டு மயிர்த்துளைகளையும் பதிப்பது இவ்வாறே.

இங்கு ஒரு பொறி உண்டு. ஒளிப்படத்தில் ஓரிடம் இருண்டிருப்பதற்குக் காரணம் அது பள்ளமாயிருப்பதோ, அதன்மேல் நிழல் விழுந்திருப்பதோ, அதன் இயல்பான நிறம் கருமையாயிருப்பதோ ஆகலாம். மென்பொருள் இவற்றை வேறுபடுத்தி அறியாது. இருள் அனைத்தையும் தாழ்வென்றே கொள்ளும். விளைவாக முகத்திலுள்ள கரிய மச்சம் குழியாகிவிடுகிறது. நிறத்திற்காகப் படத்தைப் போர்த்தும்போதும் இதே தவறு நேரும். காலை வெயிலில் எடுத்த சுவரின் படத்தை அந்திப்பொழுதுக் காட்சியிற் போர்த்தினால், சுவரின் ஒவ்வொரு கல்லும் இல்லாத சூரியனொன்றின் நிழலைச் சுமந்து நிற்கும். ஒளிப்படம் பொருளை மாத்திரம் பதிவதில்லை. எடுக்கப்பட்ட கணத்தின் ஒளியையும் இடத்தையும் சேர்த்தே பதிகிறது. வேறு சொற்களிற் கூறின், அது தன் வரலாற்றைத் தன்னுள் ஏந்தியுள்ளது. அவ்வரலாற்றை நீக்கிய பின்னரே அதனை எங்கும் போர்த்தத்தக்க பண்டமாக்க முடியும்.

இந்நீக்கம் எத்துணை உழைப்பை வேண்டுவது என்பதை ஓர் உதாரணத்தாற் காண்போம். 1998, 1999 ஆம் ஆண்டுகளில் ஸ்ரான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்க் லெவோயின் தலைமையில் மைக்கலாஞ்சலோவின் சிற்பங்கள் இத்தாலியில் இலக்கமுறையிற் பதிவுசெய்யப்பட்டன. புளோரன்ஸ் நகரிலுள்ள தாவீதின் சிலையை மாத்திரம் பதிவுசெய்ய 22 பேர் 30 இரவுகள் பணிபுரிந்தனர். 480 தடவைகள் வருடி எடுத்த தரவு 2 பில்லியன் பல்கோணிகளாகவும் 7,000 நிறப் படங்களாகவும் அமைந்தது. நிறப் படங்களைச் சிலையின் உடலோடு இணைக்கு முன்னர், ஒளியை நிறத்திலிருந்து பிரித்தாக வேண்டியிருந்தது. இதற்காக ஒவ்வோர் இடமும் இரு தடவை படமெடுக்கப்பட்டது: ஒருமுறை குழுவினரின் விளக்கு எரிய, மறுமுறை அது அணைந்திருக்க. முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தபோது மண்டபத்தின் வெளிச்சம் நீங்கி அவ்விளக்கின் ஒளி மாத்திரம் எஞ்சியது. விளக்கின் தூரமும் பரப்பின் சாய்வும் முன்பே அறியப்பட்டிருந்தமையால், அவ்வொளியின் செல்வாக்கையும் கணக்கிட்டு நீக்க முடிந்தது. ஈற்றில் மிஞ்சியது பளிங்கின் சொந்த நிறம்.

1501 இற்கும் 1504 இற்கும் இடையில் ஒருவர் கல்லைக் கழித்துக் கழித்து உருவத்தை வெளிக்கொணர்ந்தார். ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளின் பின் ஒரு குழுவினர் ஒளியைக் கழித்துக் கழித்து நிறத்தை வெளிக்கொணர்ந்தனர். இரண்டும் சிற்பத் தொழிலே என்று கொள்வதில் எமக்குத் தயக்கமில்லை. முன்னையவரின் பெயர் உலகறிந்தது. பின்னையோர் தம் பெயர்களையும் தாம் செலவிட்ட இரவுகளையும் எண்ணிப் பதிவுசெய்து வைத்தமையாலேயே நாம் இங்கு அவர்களைப் பேச முடிகிறது. சந்தையில் வழங்கும் தோல்களுக்கு அவ்வாறான பதிவு பெரும்பாலும் இல்லை.

6. தோல் யாருடையது?

அமெரிக்க வடிவமைப்பாளரான ஜூடி ஜுராசெக் பல இடங்களுக்கும் சென்று மரம், கல், உலோகம், கண்ணாடி முதலியவற்றின் மேற்பரப்புகளை ஒளிப்படமெடுத்து, 1996 இல் 'சர்ஃபேசஸ்' என்னும் நூலாக வெளியிட்டார். அப்படங்கள் ஒரு குறுந்தகட்டிலும் இணைக்கப்பட்டிருந்தன. 2021 ஜூனில் அவர், ஜப்பானிய விளையாட்டு நிறுவனமான கப்கொம் தம் படங்களை உரிமம் பெறாது தன் விளையாட்டுகளில் இழையமைப்புகளாகப் பயன்படுத்தியதென அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்து நீதிமன்றில் வழக்குத் தொடர்ந்தார். குறைந்தது 80 படங்கள் இருநூறுக்கு மேற்பட்ட இடங்களிற் பயன்பட்டுள்ளன என்பதும், 2005 இல் வெளிவந்த ரெசிடென்ட் ஈவில் 4 என்னும் விளையாட்டின் பெயர்ப் பொறிப்பிற் காணப்படும் உடைந்த கண்ணாடிக் கோலமும் தமது படமே என்பதும் அவருடைய முறைப்பாடு. 2020 இல் அந்நிறுவனத்தின் கணினிகளிலிருந்து திருடப்பட்டு வெளியான கோப்புகளில் உலோகப் பரப்பொன்றின் படம், அவருடைய குறுந்தகட்டிலிருந்த அதே 'எம்ஈ009' என்னும் பெயரைத் தாங்கியிருந்ததாக அம்முறைப்பாடு சுட்டியது. 2022 பெப்ரவரியில் இரு தரப்பினரும் இணக்கம் கண்டனர். குற்றச்சாட்டுப் பற்றி நீதிமன்றம் தீர்ப்பெதுவும் வழங்கவில்லை.

எனவே யார் தவறினார் எனக் கூறுவது எமது வேலையன்று. எமது கவனத்திற்குரியது வேறு. அவ்விளையாட்டை விளையாடியோர் அக்கண்ணாடிக் கோலத்தைப் பல ஆண்டுகளாகக் கண்டுள்ளனர். ஒருவர் உடைந்த கண்ணாடியின் முன் நின்று, ஒளி பார்த்து, படமெடுத்திருப்பார் என்ற எண்ணம் அவர்களிடம் எழ வழியே இருக்கவில்லை. போர்த்தப்பட்ட தோல் உடலின் இயல்பான பண்பு போலவே தோன்றியது. மார்க்ஸ் 1867 இல் 'மூலதனம்' முதலாம் தொகுதியிற் பண்டத்தின் மாய்மாலம் பற்றிக் கூறியது இதுவேயன்றோ! மனிதர்க்கிடையிலான உழைப்பு உறவு, பொருளின் தன்னியல்பான குணமாக வேடங்கொள்கிறது. படிம இழையமைப்பின் தொழினுட்ப வெற்றியே இம்மறைப்பிற் தங்கியுள்ளது. வெட்டுக்கோடு தெரியாதிருப்பது நல்ல வேலையின் அடையாளம்; உழைத்தவர் தெரியாதிருப்பது அதன் உடன்விளைவு. முன்னையது கலைத் தேவை, பின்னையது சமூக ஏற்பாடு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதே கருத்தியல் மயக்கமாகும்.

இம்மறைப்பு ஒளிப்படக் கலைஞரோடு நின்றுவிடுவதன்று. புதுச்சேரிச் சிறுவனொருவனின் கதையைக் கூறும் 'லைஃப் ஒஃப் பை' திரைப்படத்திற் புலியைக் கணினியிற் படைத்த ரிதம் அண்ட் ஹியூஸ் நிறுவனம், 2013 பெப்ரவரியில் வங்குரோத்து நிலையை அறிவித்தது. அதே மாதம் அப்படத்தின் காட்சி விளைவுகளுக்கு ஒஸ்கார் விருது கிடைத்தது. விருது மண்டபத்தின் உள்ளே கரகோஷம் எழுந்தது. வெளியே அத்தொழிலைச் சேர்ந்தோர் நூற்றுக்கணக்கில் நின்று எதிர்ப்புத் தெரிவித்தனர். புலியின் தோலைக் கண்டு வியந்த உலகம், அதனைச் செய்த கைகளைக் காணவில்லை.

இவற்றிற்குப் பதிப்புரிமையை இறுக்குவதே விடையென்பாரும் உளர். அவ்விடை அரைகுறையானது என்பதே எமது எண்ணம். ஜுராசெக்கின் நூலில் இருப்பன போன்ற கற்சுவர்ப் படமொன்றை எடுத்துக்கொள்வோம். படமெடுத்தவர்க்குச் சட்டம் உரிமை வழங்கும். அச்சுவரைக் கட்டிய கொத்தனுக்கு அப்படத்தில் உரிமை எதுவும் இல்லை. படத்தின் அழகு எதில் உள்ளது? கல்லைத் தேர்ந்தடுக்கிய கையிலும், பல்லாண்டு மழை வெயிலிலும், அதனைக் கண்டு நின்ற கண்ணிலும் ஒருங்கே உள்ளது. தோலொன்றின் உள்ளே உழைப்பு அடுக்கடுக்காகப் படிந்திருக்க, தனியுடைமை மேலடுக்கை மாத்திரமே அறிந்துகொள்கிறது.

எதிர்த்திசையில் அமைந்த முயற்சிகளும் இல்லாமலில்லை. பிளெண்டரின் மூலநிரல், 2002 இல் பயனாளரிடம் ஏழு வாரங்களில் ஒரு லட்சம் யூரோ திரட்டப்பட்டு விடுவிக்கப்பட்டது. பொலி ஹேவன் என்னும் சேகரம், தான் தயாரிக்கும் இழையமைப்புகளை எவ்வித உரிமைக் கட்டுப்பாடுமின்றி எவரும் பயன்படுத்தலாமென வழங்குகிறது. கட்டணம் செலுத்த இயலாத எமது நாடு போன்ற நாடுகளின் மாணவர்க்கு இவை பெரும்பேறாகும். ஆயினும் பொதுவில் வைக்கப்பட்டதைப் பெருநிறுவனமும் இலவசமாக அள்ளிச் செல்லலாம் என்ற முரண்பாடு அங்கும் தீராதுள்ளது.

2022 இன் பின்னர் அம்முரண்பாடு கூர்மையடைந்துள்ளது. 'பாசி படர்ந்த செங்கற் சுவர்' என ஒரு தொடரைத் தட்டச்சுச் செய்தாற் படத்தை ஆக்கித்தரும் செயற்கை நுண்ணறிவு மாதிரிகள் தோன்றி, அவை சிற்ப மென்பொருள்களோடும் இணைக்கப்பட்டன. அவற்றுளொன்றான ஸ்ரேபிள் டிஃபியூஷன், 585 கோடிப் படங்களைச் சுட்டும் ஒரு திரட்டின் பகுதிகளைக் கொண்டு பயிற்றப்பட்டது. தம் படைப்புகளும் அதில் அனுமதியின்றிச் சேர்க்கப்பட்டதாக 2023 ஜனவரியில் அமெரிக்க ஓவியர் மூவர் வழக்குத் தொடர்ந்தனர். ஜுராசெக் தம் படத்தைக் கோப்பின் பெயரால் அடையாளங் காட்ட முடிந்தது. கோடிக்கணக்கான படங்கள் கரைந்து பிறக்கும் தோலில் எவரும் தம் இழையை அடையாளங் காட்டுவது மிக அரிது. மறைப்பு இங்கு ஏறத்தாழ முழுமையடைகிறது.

7. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்து நோக்குவோம். நிறத்தை உடலிலிருந்து பிரிப்பது நினைவகத்தின் விலை காரணமாக எழுந்த தீர்வாகும். பிரித்ததனால் விரிப்பும் வெட்டும் திரிபும் தவிர்க்கவியலாதவையாயின. தோல் உடலிலிருந்து பிரிந்து படமானதும், அது எவ்வுடலுக்கும் பொருந்தும் பண்டமாயிற்று. பண்டமானதும் அதனைச் செய்தவரிடமிருந்து அது பிரிந்தது. தொழினுட்பப் பிரிவும் சமூகப் பிரிவும் ஒன்றையொன்று தொடர்ந்தன. ஆயினும் முன்னையது பின்னையதைக் கட்டாயமாக்கவில்லை. தாவீதின் சிலையைப் பதிந்தோர் தம் இரவுகளை எண்ணி வைத்ததே அதற்குச் சான்று.

உருவ உள்ளடக்க விவாதத்திற்கும் இதிலிருந்து ஓர் ஒளி கிடைக்கிறது. தோலை எளிதிற் பிரித்துப் போர்த்தலாம் என்று கருதிச் செய்யப்பட்ட தொழிலே, தோல் தன் ஒளியையும் இடத்தையும் காலத்தையும் ஏந்தி வருவதை ஒவ்வொரு படியிலும் உணர்த்துகிறது. மச்சம் குழியாவதும், இல்லாத சூரியனின் நிழல் சுவரில் நிற்பதும் அதன் அறிகுறிகளே. வெறும் ஆடையான உருவம் என்று ஒன்றில்லை.

இத்துறையைப் பயிலும் இளைஞர்க்கு நாம் வேண்டுவது மிகச் சிறியது. தாம் போர்த்தும் ஒவ்வொரு படத்தையும் எங்கிருந்து, யாரிடமிருந்து, எந்நிபந்தனையிற் பெற்றோம் என ஒரு குறிப்பேட்டில் எழுதி, படைப்போடு சேர்த்து வெளியிட வேண்டும். அதனால் உற்பத்தி உறவுகள் மாறிவிடா. எனினும் மாற்றத்தைப் பற்றிப் பேசுவதற்கு முதலிற் பெயர்கள் வேண்டும். நூலைப் பற்றிச் சொல்ல வந்த நன்னூலார் இழையை மாத்திரம் கூறி அமையவில்லை. அதனை நூற்ற பெண்ணையும் உவமையினுள்ளே அமர வைத்தார். இழையமைப்புப் பற்றிப் பேசும் நாமும் அவ்வாறே செய்யக் கடமைப்பட்டுள்ளோம்.